சித்தப்பாவுக்குக் கொடுத்த வியாதியைத் திரும்பப் பெறக் கோருதல்

இயேசு மரி சூசை துணை

மாதா கோயில் தெரு,
ஆவூர் வழி, புதுக்கோட்டை மாவட்டம்.
தவக்காலம் ஐந்தாம் வாரம், செவ்வாய்.

திருச்சி மாநகரில் விடுதியில் தங்கி மனோதத்துவம் இரண்டாம் ஆண்டு பயின்றுவரும், பேரன்பும் பெருமதிப்பும் வாய்ந்த ஜாஸ்பின் அக்கா அவர்களின் மேலான கவனத்துக்கு, தங்கள் ஒன்றுவிட்ட தம்பியும், பிளஸ் ஒன் மாணவனும், நம் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் மூன்றாண்டுகளாகச் சேவலாகப் பணியாற்றி வருபவனுமாகிய ஆண்ட்ரூஸ் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு தாங்களும் தங்கள் பாடப்புத்தகமும் நலமா என அறிய ஆவல்.

முதற்கண் ஒரு முக்கியச் செய்தி. சந்தனராஜ் சித்தப்பா வீட்டுக் கறுப்புக் கோழி, இருபத்தொரு நாள் தலைமறைவுக்குப் பின், இன்று காலை ஏழு நாற்பதுக்கு நாடகச் சாமானாகக் கிடக்கும் ஏரோது மன்னனின் சிம்மாசனத்துக்கு அடியிலிருந்து ஒன்பது குஞ்சுகளோடு வெளிப்பட்டு, முன் அறையில் சாத்தி வைத்திருந்த ரோமாபுரிக் கேடயங்களைப் பார்வையிட்டுவிட்டுக் கொல்லைப்புறம் சென்றது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். பச்சைப் பிள்ளைகளை வெட்டச் சொன்ன ஏரோது வீட்டில் ஒன்பது பிள்ளைகள் உயிரோடு தப்பியது சரித்திரத்தில் இதுவே முதல் முறை. கோழி குஞ்சு பொரித்ததற்கு ஒரு கடிதமா என்று தாங்கள் கேட்கலாம். அந்தக் கோழிக்கும் தங்கள் நோட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. எனவே,

பொருள்: சித்தப்பாவுக்குத் தாங்கள் வழங்கிய வியாதியைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

பார்வை: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தாங்கள் அனுப்பிய நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடிக் குரல் பதிவு.

அக்கா, தாங்கள் தாங்கள் என்று எழுதினால் கை வலிக்கிறது, இனிமேல் நீ என்றே எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் சனி ஞாயிறு லீவுக்கு நீ வந்தாய். தவக்காலம் என்பதால் வீட்டில் கறி இல்லை. அந்த ஏமாற்றத்தில்தான் நீ நோட்டை எடுத்தாய் என்பது என்னுடைய மனோதத்துவம். சித்தப்பா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, அவர் போகிற வருகிற பக்கமெல்லாம் பார்த்து ஆறு அறிகுறிகள் எழுதினாய். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இது ஒன்று. ஏரோது சிம்மாசனத்தை யாராவது ஓர் அங்குலம் நகர்த்தினாலும் பாய்ந்து வந்து தடுக்கிறார். தன் மோட்டார் ரிப்பேர் கடையில் காயில் கட்டும்போது கண்ணீர் விடுகிறார். ஒரு காலில் நீலச் செருப்பும் மறு காலில் பழுப்புச் செருப்பும் போட்டுக்கொண்டு நடக்கிறார். தன் மூக்குக் கண்ணாடி தானாக நடந்து போகிறது என்கிறார். ஆறாவது, கடைக்குப் பின்னால் இருக்கும் புளியமரம் தனக்குப் பதில் சொல்கிறது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஏறியவள் கீரனூர் தாண்டுவதற்குள் குரல் பதிவை அனுப்பிவிட்டாய். அதை எனக்கு மனப்பாடமாகவே தெரியும். "எல்லாரும் கேளுங்க. பயப்பட வேணாம். நெறைய படைப்பாளிங்களுக்கு இந்த மாதிரி இருக்கும்னு எங்க மேம் சொல்லிருக்காங்க. சித்தப்பாவுக்கு பைபோலார் இருக்கலாம், ஓசிடி கொஞ்சம் இருக்கலாம், டிசோசியேட்டிவ்னு ஒண்ணு இருக்கு, அதுவும் இருக்கலாம். அவரு பாஸ்கா எழுதுறதே அதனாலதான்."

இருக்கலாம் இருக்கலாம் என்று நீ மூன்று தடவை சொன்னாய். ஊருக்கு வந்து சேரும்போது அந்த 'லாம்' மூன்றும் வழியிலேயே இறங்கிவிட்டன. பெரியம்மா, அதாவது உன்னைப் பெற்ற தாய், "எம்மக டாக்டர் மாதிரியே பேசுது பாருங்க" என்று அதை மரியாயின் சேனை ஜெபக் குழுவுக்கு அனுப்ப, சேனை அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் சித்தப்பா பல் விளக்குவதற்குள் அவருக்கு மூன்று வியாதி.

நீ திருச்சிக்குப் போய் நம் வழக்கமெல்லாம் மறந்துவிட்டாயோ என்னவோ, நினைவூட்டுகிறேன். ஏசுநாதரின் பாடுகளைக் கோயில் மைதானத்தில் நாடகமாகப் போடும் நம் பாஸ்காவைப் பதினாலு வருஷமாகச் சித்தப்பாதான் எழுதி நடத்துகிறார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து அவர் சந்தனராஜ் இல்லை. அன்றைக்கு எந்தப் பாத்திரத்துக்கு வசனம் எழுதுகிறாரோ அந்த ஆள். மெர்லின் சித்தி காலையில் காபியோடு போய், "இன்னைக்கி நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் நாளைத் தொடங்கும். பிலாத்து என்றால் அன்றைக்கு இட்லியா தோசையா என்று கேட்டுப் பிரயோசனமில்லை, முடிவு சொல்லாமல் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். நான் கூவுவதற்குள் ஏசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுத்துவிட்டு, கூவியதும் வெளியே போய் அழுகிறவர் பேதுரு; அந்தப் பேதுருவாக இருந்த அன்றைக்கு மோட்டாரை வாங்கிப் போக வந்த கீரனூர்க்காரரிடம் "உங்கள எனக்குத் தெரியாது" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். மோட்டாரை விட்டுவிட்டுப் போனவர் அடுத்த நாள் வந்து, "இன்னைக்காச்சும் தெரியுதா?" என்று கேட்டு வாங்கிப் போனார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அது நம் ஊரில் தவக்காலத்து வானிலை மாதிரி, பார்த்து நடந்துகொள்வோம், அவ்வளவுதான்.

உன் பதிவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேள். சித்தி "இன்னைக்கி நீங்க யாரு" என்று கேட்பதை நிறுத்திவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கியது. எங்கப்பா சித்தப்பாவிடம் பேசும்போது கைக்குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசினார். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒத்திகையில்தான் வினை. வழக்கமாகச் சித்தப்பா "நீ யூதாஸா, உருளைக்கிழங்கா" என்று கத்துவார், யூதாஸாக நிற்கும் அடைக்கலம் அண்ணன் "நீங்க எழுதுனது வசனமா, வத்தக்குழம்பு பக்குவமா" என்று திருப்பிக் கத்துவார், கத்திக் கத்தித்தான் காட்சி தேறும். இப்போது எதைச் சொன்னாலும் எல்லோரும் "சரிங்கண்ணே, நல்லதுங்கண்ணே" என்கிறார்கள். சண்டை போட ஆள் இல்லாமல் சித்தப்பா நடு மைதானத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்கே என்னமோ போலிருந்தது.

சித்திக்கு மனசு கேட்காமல் சித்தப்பாவைப் புதுக்கோட்டைக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனது. துணைக்கு நான். அன்றைக்குச் சித்தப்பா மறுபடியும் பிலாத்து. வரிசையில் எங்கள் முறை வந்ததும் நர்ஸம்மா "சந்தனராஜ், சந்தனராஜ்" என்று கூப்பிடுகிறது, இவர் அசையவில்லை. சித்தி எழுந்து, "மன்னிச்சுக்கங்க, அவரு இன்னைக்கி பிலாத்து" என்றது. அந்த நர்ஸம்மா எத்தனை பேரைப் பார்த்ததோ, முகம் மாறாமல், "பிலாத்து, உள்ள வாங்க" என்றது. இவர் கம்பீரமாக எழுந்து போனார்.

டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எத்தனை நாளா இப்படி இருக்காரும்மா?"

"சாம்பல் புதன்லேருந்துங்க."

"முன்னாடி இருந்திருக்கா?"

"வருசா வருசம் இருக்குங்க. ஈஸ்டர் அன்னைக்கிக் காலையில சரியாயிரும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தேதி பாத்து வந்து, தேதி பாத்துப் போகுதா. சரி, தூங்குறாரா?"

"குறட்டை தெருமுக்கு வரைக்கும் கேக்கும்."

"சாப்பாடு? கடையத் தொறக்குறாரா?"

"அதெல்லாம் ஒரு கொறையும் இல்லைங்க."

அவர் சித்தப்பாவைப் பார்த்து, "ஒங்களுக்கு ஏதாச்சும் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார். அதுவரைக்கும் பிலாத்துவாக விறைத்து உட்கார்ந்திருந்தவர் மெதுவாக, "எல்லாரும் நல்லவங்களாயிட்டாங்க டாக்டர், அதான் கஷ்டமா இருக்கு" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. "இப்ப எழுதிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. தூக்கம் கெட்டுச்சுன்னாலோ, அவருக்கே பாரமா இருந்துச்சுன்னாலோ கூட்டிட்டு வாங்க, அப்பப் பாப்போம்" என்று அனுப்பிவிட்டார். நீ இரண்டு நாளில் மூன்று வியாதி கண்டுபிடித்தாய், அவர் இருபது வருஷம் படித்துவிட்டு ஒன்றுகூடக் கண்டுபிடிக்கவில்லை. யாரிடம் திறமை அதிகம் என்று நீயே பார்த்துக்கொள்.

ஆனால் ஊர் டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை, டாக்டரிடம் போனதை மட்டும் கேட்டது. பாஸ்கா கமிட்டித் தலைவர் பால்ராஜ் சார், அதான் நம் ஹெட்மாஸ்டர், கடைக்கே வந்து, "சந்தனராஜ், இந்த வருசம் நீங்க ரெஸ்ட் எடுங்க. போன வருச ஸ்கிரிப்ட்ட வச்சு நானே பாத்துக்கறேன்" என்றார். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த வருஷம் சித்தப்பா புதிதாக ஒரு காட்சி எழுதியிருந்தார். யூதாஸைப் பெற்ற தாய் மகனைத் தேடிக்கொண்டு வருகிறாள். அவன் ஏசுவைக் காட்டிக்கொடுத்ததும் தூக்கில் தொங்கியதும் அவளுக்குத் தெரியாது. எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம், "எம்புள்ளையப் பாத்தீங்களா, அது ஏசுசாமி கூடத்தானே சுத்தும்" என்று கேட்கிறாள். கடைசியில் ஏசுவைப் பெற்ற மாதாவிடமே வந்து கேட்கிறாள். காட்சி அவ்வளவுதான். காயில் கட்டும்போது அவர் கண்ணீர் விட்டது இதை யோசித்துத்தான். கம்பி சுற்று எழுதும் நோட்டில், மூன்று எச்பி, முப்பத்தாறு சுற்று என்பதற்குக் கீழே எழுதி வைத்திருந்தார், நானே பார்த்தேன். பால்ராஜ் சார் அதைப் படித்துவிட்டு, "பாத்தீங்களா, வேதத்துல இல்லாத ஆளெல்லாம் வருது. இது அவரு எழுதல, வியாதி எழுதுது" என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் கடையில் நான் தற்செயலாக "சந்தனராஜ் சித்தப்பா" என்றேன். "என்னடா" என்று திரும்பிப் பார்த்தார். அக்கா, ஆறு அறிகுறியிலும் எனக்கு வராத பயம் அப்போதுதான் வந்தது. தவக்காலத்தில் அவர் சொந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்து நான் கண்டதே இல்லை. இட்லியா தோசையா என்று கேட்டால் "எதுனாலும் சரி" என்றார். இரண்டு காலிலும் ஒரே நிறச் செருப்பு. பத்து நாள் இப்படியே. அவர் எழுதும் நோட்டு மூடியே கிடந்தது.

வியாதி வந்தால் அசிங்கமில்லை என்று நீ சொன்னாய், ஒத்துக்கொள்கிறேன். அடைக்கலம் அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறார், யாரும் கேலி செய்யவில்லை. ஆனால் அவர் யூதாஸாக அழும்போது "சர்க்கரை அழுகிறது" என்று யாரும் சொல்வதில்லையே. அழுகை அவருடையது என்றுதானே கைதட்டுகிறோம். சித்தப்பாவுக்கு மட்டும் ஏன் எழுத்தையும் பிடுங்கி வியாதிக்குக் கொடுத்தீர்கள்? அப்படிப் பார்த்தால் ஊரில் மிஞ்சுகிறவர் யார்? பால்ராஜ் சார் பூசைக்கு முன்னால் "ஹலோ மைக் டெஸ்டிங்" என்று இருபத்தேழு தடவை சொல்கிறார், நான் எண்ணியிருக்கிறேன். எங்கப்பா பேப்பர் வந்ததும் யார் செத்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்கிறார். நீ ஐந்தாவது படிக்கும்போது பல்பத்துக்குப் பெயர் வைத்து, அது தேய்ந்து தீர்ந்ததும் அடக்கம் செய்தாய், ஜெபம் சொன்னவன் நான். இதையெல்லாம் நோட்டில் எழுதினால் உன் மனோதத்துவம், மனம் போன தத்துவமாகத்தான் முடியும். சிம்மாசன விஷயத்தையே பார். அடியில் கோழி அடை இருந்தது. சொன்னால் குழந்தைகள் முட்டையை எடுத்துவிடும் என்று சித்தப்பா சொல்லவில்லை. ஓசிடி என்று நீ எழுதியது இன்று காலை ஒன்பது ஜோடிக் கால்களோடு கொல்லையில் மேய்கிறது.

இனி என் பங்கு. போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வராந்தாவில் கமிட்டிக் கூட்டம். சித்தப்பா கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்திருந்தார். பால்ராஜ் சார் உன் ஆறு அறிகுறிகளையும் தாளில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாகப் படித்து, இனி அவருக்குப் பாஸ்கா பாரம் வேண்டாம் என்று தீர்மானம் போடப் போனார். அப்போது உன் தம்பி எழுந்தேன். ஏழு நிமிடம் பேசினேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு பதில், ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் உதாரணம். பால்ராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் வாயடைத்துப் போனது. அப்புறம்தான் எல்லாம் மாறி, சித்தப்பாவிடமே பாஸ்காவைத் திருப்பிக் கொடுத்தார்கள், யூதாஸின் தாய் உட்பட. என் பேச்சை யாரும் செல்போனில் எடுக்கவில்லை என்பது ஊருக்கு நேர்ந்த நஷ்டம்.

ஆகவே, கற்ற அக்காவாகிய தாங்கள் இக்கடிதம் கண்ட அன்றே, அதே குழுவில், அதே நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடிக்குக் குறையாமல், சித்தப்பாவுக்குத் தந்த வியாதிகள் மூன்றையும் நிபந்தனையின்றித் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவிக்கும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பரீட்சை நன்றாக எழுதவும். விடுதிச் சாப்பாட்டை ஆராயாமல் சாப்பிடவும். மாதா உனக்கு நல்ல புத்தியும், முடிந்தால் பெரிய நோட்டும் அருள்வாளாக. குருத்து ஞாயிற்றுக்கு வந்துவிடு.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி,
ஆண்ட்ரூஸ் (சேவல்)

பி.கு.: மேலே எழுதியதைச் சித்தியிடம் படித்துக் காட்டினேன். "கூட்டத்துல நடந்தத எழுதுறியா, இல்ல நான் போன் போடவா?" என்றது. எனவே எழுதுகிறேன்.

ஏழு நிமிடம் பேசவில்லை. எழுந்தது உண்மை. "சித்தப்பாவுக்கு ஒண்ணுமில்ல சார்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. பால்ராஜ் சார் தாளைப் பார்த்து, "அப்ப செருப்பு எப்படிடா கால் மாறுது? ஒன் வேலையா?" என்றார். "இல்ல சார்" என்றேன். "கண்ணாடி மாட்டுத் தொட்டிக்கிட்ட கெடந்துச்சாமே, நீயா?" என்றார். "எனக்குத் தெரியவே தெரியாது சார்" என்றேன். "புளியமரத்துல ஏறி ஒக்காந்து பேசுனது?" என்றார். "நான் அங்கிட்டுப் போனதே இல்ல சார்" என்றேன்.

சொல்லி வாயை மூடவில்லை, கடைசி வரிசைத் தூணோரத்திலிருந்து ஒரு கொக்கரக்கோ வந்தது.

சித்தப்பா. பத்து நாளாகச் சொந்தப் பெயருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, நான் மூன்று வருஷமாகக் கூவியதைவிட நூறு மடங்கு நன்றாகக் கூவினார். ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் அடைக்கலம் அண்ணன்தான் முதலில் சிரித்தார், பிறகு வராந்தாவே சிரித்தது, பால்ராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது அப்போதுதான். நான் என்ன செய்தேன் என்று கேட்காதே. வேதத்தில் பேதுரு என்ன செய்தாரோ அதையே செய்தேன், வெளியே கூடப் போகாமல்.

ஆமாம் அக்கா, செருப்பும் கண்ணாடியும் மரமும் நான்தான். எழுத உட்கார்ந்தால் சித்தப்பா என்னைக் கண்டுகொள்வதில்லை, அதனால் விளையாட்டுக்குச் செய்தேன். நீ நோட்டு எடுப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் குரல் பதிவு வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும், பயந்துகொண்டு சொல்லவில்லை. சித்தப்பாவிடம் போய் அழுதேன். "தெரியும்டா" என்றார். "மரத்துக்கு ஒன் கொரல்தான் இருந்துச்சு. ஆனா வசனம் நல்லாருந்துச்சு, அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன். ரெண்டு வரி எடுத்துக்கிட்டேன்" என்றார்.

பாஸ்காவைத் திருப்பி வாங்கியதும் நான் இல்லை. சிரிப்பு அடங்கியதும் அடைக்கலம் அண்ணன் எழுந்து, "போன வருச ஸ்கிரிப்ட்டு வேணாங்க. எங்காத்தா என்னையத் தேடி வராம இந்த வருசம் நான் தூக்குல தொங்க மாட்டேன்" என்றார். "யாருப்பா அந்த வேசம் கட்டுவா?" என்றார் பால்ராஜ் சார். நியாயமான கேள்வி. நம் ஊரில் ஒரு தடவை வேஷம் கட்டினால் அந்தப் பெயர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும், ரேஷன் கடையில் அடைக்கலம் அண்ணனை "யூதாஸு, கைரேகை வைய்யி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்த வீட்டுப் பெண் யூதாஸ் ஆத்தா என்று பெயர் வாங்குவாள்? டீ கொடுக்க வந்திருந்த மெர்லின் சித்தி, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, "நான் நிக்கிறேன்" என்றது. இன்று காலையில் சித்தப்பா காபி கேட்டு "மெர்லின், மெர்லின்" என்று நாலு தடவை கூப்பிட்டார். சித்தி திரும்பவே இல்லை. அவர் அடுப்படி வாசலில் வந்து நின்று, "இன்னைக்கி நீ யாரும்மா?" என்று கேட்டார். உன் நோட்டில் ஏழாவதாக எழுதிக்கொள், இந்த வியாதி தொற்றும்.

ஆகவே, வியாதியைத் திரும்பப் பெற வேண்டாம். ஆறில் மூன்று என்னுடையவை, அவற்றை முறைப்படி என் பெயருக்கு மாற்றித் தரவும். மீதி மூன்றைச் சித்தப்பா ஈஸ்டர் வரைக்கும் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கையெழுத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சேவலையும் அடித்துவிடு. ஊரே ஒருமனதாக அந்த வேலையைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டது. பதில் போட்டால் உறையின் மேல் 'பேதுரு, மாதா கோயில் தெரு' என்று எழுது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தபால்காரர் உட்பட யாரும் என்னை வேறு பெயரில் கூப்பிடுவதில்லை.